வேலை இருந்தும் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள்

மருத்துவக் காப்பீடு இல்லாதவர் யார் என்று கேட்டால், வேலைவெட்டி இல்லாதவர் என்றுதான் சட்டென்று தோன்றும். இந்தியாவில் அந்தக் கணக்கு பொருந்தாது. ஏழைக் குடும்பம் என்று அரசுப் பட்டியலில் ஏறிவிட்டவருக்கு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு 5 லட்ச ரூபாய்க்குக் காப்பீடு உண்டு. பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கும் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இரவு இறக்கும் வரை நின்றுகொண்டே துணி எடுத்துப் போடும் ஜவுளிக்கடை விற்பனையாளர், ஒரே லேத் பட்டறையில் பல வருடமாக இருக்கும் டர்னர், சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுபவர், நாலு வீட்டில் சமைத்துக் கொடுக்கும் அம்மா. இவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேலை நிறைய இருக்கும், காப்பீடு இருக்காது.

2021 அக்டோபரில் ஒன்றிய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட ஓர் அறிக்கை இவர்களைத்தான் நடுவில் விடுபட்டவர்கள் என்று குறிப்பிட்டது. மக்கள்தொகையில் குறைந்தது 30 சதவீதம், அதாவது சுமார் 40 கோடிப் பேர். அரசுத் திட்டத்தில் சேரும் அளவுக்கு இவர்கள் ஏழைகளும் இல்லை, சொந்தக் காசில் பாலிசி எடுக்கும் அளவு வசதியானவர்களும் இல்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் பார்த்தால், ஒருவருக்காவது ஏதாவதொரு மருத்துவக் காப்பீடு இருந்த குடும்பங்கள் 41 சதவீதம்தான். ‘ஒருவருக்காவது’ என்பதைக் கவனியுங்கள். வீட்டில் நாலு பேர் இருந்து ஒருவரிடம் மட்டும் அட்டை இருந்தாலும் அந்தக் குடும்பம் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

சரி, வேலைக்கும் காப்பீட்டுக்கும் ஏன் இவ்வளவு நெருக்கம்? காப்பீடு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இது புரியும். ஆயிரம் பேர் வருடா வருடம் பணம் போடுகிறார்கள். அந்த வருடம் ஆஸ்பத்திரியில் படுக்கும் சிலருக்கு அந்தப் பணம் செலவாகிறது. பெரும்பாலானவர்கள் நன்றாக இருக்கும்வரைதான் இது தாங்கும். ஏற்கனவே நோய் வந்தவர்கள் மட்டும் தேடி வந்து சேர்ந்தால், பிரீமியம் எகிறும், நலமாக இருப்பவர்கள் கழன்றுகொள்வார்கள், மிச்சம் இருப்பவர்களுக்கு இன்னும் எகிறும். அதனால்தான் தனியாளாகப் பாலிசி கேட்டுப் போனால் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ஆபரேஷன் ஏதும் நடந்ததா என்று துருவுகிறார்கள். ஒரு கம்பெனியின் ஊழியர்கள் அப்படியல்ல. அவர்கள் ஒன்றுசேர்ந்தது வேலைக்காக, நோய்க்காக அல்ல. இளைஞர், வயதானவர், நோயாளி, ஓட்டப்பந்தயம் ஓடுபவர் எல்லோரும் அதில் கலந்திருப்பார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு இதைவிட வசதியான கூட்டம் கிடைக்காது. பிரீமியத்தை வசூலிக்க வீடு வீடாக அலையவும் வேண்டாம், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம்.

அரசும் இதே வசதியைத்தான் பயன்படுத்திக்கொண்டது. இஎஸ்ஐ என்று நாம் சொல்லும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் வந்தது. திட்டம் 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்த இடம், ஆலைகள் நிறைந்த கோயம்புத்தூர், 1955இல். ஆலை என்றால் வாசலில் கேட், உள்ளே வருகைப் பதிவேடு, மாதாமாதம் சம்பளப் பட்டியல். யார் தொழிலாளி என்பதில் சந்தேகமே கிடையாது. அந்தச் சம்பளப் பட்டியல் இல்லாத இடத்துக்குத் திட்டம் போய்ச் சேருவது அன்றும் சிரமம், இன்றும் சிரமம்.

இஎஸ்ஐயின் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுவார். 2019 ஜூலை முதல் இந்த விகிதம்தான். 18,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்கள் பங்கு 135 ரூபாய், முதலாளியின் பங்கு 585 ரூபாய். மாதம் 720 ரூபாயில் உங்களுக்கும், கணவன் அல்லது மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், உங்களை நம்பி இருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை. இத்தனை லட்சத்துக்கு மேல் செலவு செய்யமாட்டோம் என்ற உச்சவரம்பும் இல்லை. பாலிசி விற்பவர் யாராலும் இந்த விலைக்கு இதைத் தர முடியாது.

அது மட்டுமல்ல. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கட்டுவது காப்பீடு என்றுதான் பலர் நினைக்கிறோம். கூலிக்காரர் வீட்டில் பில்லைவிட, அந்த ஒரு மாதம் வராமல் போன கூலிதான் கடனில் தள்ளும்.

இருந்தும், இஎஸ்ஐ வேண்டாம், அந்தப் பணத்தையும் கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று கேட்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. முதலில் டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும், அங்கிருந்து எழுதிக் கொடுத்தால்தான் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி, அங்கே வசதி இல்லையென்றால்தான் வெளியில் தனியார் மருத்துவமனை. டிஸ்பென்சரி வரிசையில் அரை நாள் நின்றால் அரை நாள் கூலி போச்சு. காய்ச்சலுக்குத் தெருமுனை டாக்டரிடம் போய் வந்துவிடுபவருக்கு, டயாலிசிஸ் என்று வரும்போதுதான் அந்த அட்டையின் அருமை தெரியும்.

இப்போது 21,000 என்ற கோட்டுக்கு வருவோம். 2017 ஜனவரியில் 15,000இலிருந்து இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். 20,500 ரூபாய் வாங்குபவருக்கு 1,000 ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 21,500 ஆனதும் அவர் இஎஸ்ஐ வரம்பைத் தாண்டிவிட்டார். உடனே அட்டை செல்லாமல் போய்விடாது. சந்தா கட்டும் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நடுவில் சம்பளம் கூடினாலும் அந்த அரையாண்டு முடியும்வரை பிடித்தம் தொடரும். ஏப்ரல் - செப்டம்பரில் கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உண்டு. ஆக, ஜூலையில் சம்பளம் கூடியவர் அடுத்த ஜூன் வரை பெரும்பாலும் பாதுகாப்பில் இருப்பார். அதன் பிறகு குடும்பம் முழுவதும் ஒரே நாளில் வெளியே.

21,500 ரூபாயில் நாலு பேருக்குத் தனியார் பாலிசி எடுக்கச் சொன்னால் யாரும் தயங்கத்தான் செய்வார்கள். சம்பளம் உயர்ந்ததற்காக ஒருவரின் பாதுகாப்பைப் பிடுங்கும் இந்த விதி எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை. ஓவர்டைம் பணத்தை வரம்புக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள் என்பது மட்டும் ஒரு சின்ன ஆறுதல். ஓவர்டைம் செய்து ஒரு மாதம் 23,000 வாங்கியதால் வெளியே போய்விட மாட்டீர்கள்.

இன்னொரு பக்கம் அரசுத் திட்டங்கள். தமிழ்நாட்டில் 2009இல் கருணாநிதி ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012இல் ஜெயலலிதா ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக அது மாறியது. ஒன்றிய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் 2018 செப்டம்பரில் வந்தபின் இரண்டையும் இணைத்தார்கள். இப்போது குடும்பத்துக்கு வருடத்தில் 5 லட்சம் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று இருந்ததைப் பிறகு 1,20,000 ஆக்கினார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு கிடையாது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில், கட்டணம் இல்லை. ஆனால் மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரைக்குப் பொதுவாக இது உதவாது. பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான் இந்த ஏற்பாடு.

வருடத்துக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000. அதுவும் ஒருவர் சம்பளம் அல்ல, வீட்டு வருமானம் மொத்தமும். கணவன் எட்டுப் பேர் வேலை செய்யும் ஹார்டுவேர் கடையில் 13,000 வாங்குகிறார், மனைவி தையலில் 5,000 சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் 10 பேர் இல்லாததால் இஎஸ்ஐ இல்லை. வருட வருமானம் 2,16,000 என்பதால் அரசுக் காப்பீடும் இல்லை. அவரைப் போலவே 13,000 வாங்கும் ஒருவர் பக்கத்துத் தெருவில் முப்பது பேர் உள்ள கடையில் இருந்தால், குடும்பத்துக்கே இஎஸ்ஐ உண்டு. வேலையும் ஒன்று, சம்பளமும் ஒன்று. கூட எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். (வருமானச் சான்றிதழ்களை மட்டும் படித்துவிட்டு ஒருவர் தமிழ்நாட்டைப் பற்றி எழுதினால், இங்கே முக்கால்வாசி வீடுகள் எப்படிச் சோறு பொங்குகின்றன என்று திகைத்துப்போவார். அது தனிக்கதை.)

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காப்பீடு இல்லை என்றால் சிகிச்சையே இல்லை என்று பொருள் அல்ல. தமிழ்நாட்டில் ஜிஹெச்சுக்குப் போனால் பிரசவம் முதல் இதய அறுவை சிகிச்சை வரை பணம் கட்டாமல் பார்க்க முடியும். பலர் காப்பீட்டைப் பற்றி யோசிக்காததற்கு அதுவும் ஒரு காரணம், நியாயமான காரணம்தான். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் பக்கத்தில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுகிறது. அங்கே முதலில் கேட்கும் கேள்வி இன்சூரன்ஸ் இருக்கா என்பதுதான். நாடு முழுவதற்குமான 2021-22 கணக்கில், மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கட்டியது. 2013-14இல் அது 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 39 சதவீதமும் சின்னத் தொகை அல்ல.

அடுத்தது மேல்தட்டு வேலைகள். ஐடி கம்பெனி, வங்கி, பெரிய தொழிற்சாலையின் அலுவலகம் போன்ற இடங்களில் சேர்ந்த அன்றே குரூப் மெடிக்ளைம், அதாவது ஊழியர் எல்லோருக்கும் சேர்த்துக் கம்பெனி எடுக்கும் மருத்துவக் காப்பீடு, கிடைத்துவிடுகிறது. பெரும்பாலும் 3 லட்சமோ 5 லட்சமோ இருக்கும். மருத்துவப் பரிசோதனை இல்லை. ஏற்கனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செல்லும். பிரசவச் செலவும் பெரும்பாலும் உண்டு. கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு பெற்றோரையும் சேர்த்துக்கொள்வார்கள். தனியாளாகப் பாலிசி வாங்கினால் இப்படி இருக்காது. விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு, கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்றவற்றுக்கு ஒன்றிரண்டு வருடம், ஏற்கனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 வருடம். இந்தக் கடைசிக் காத்திருப்பு முன்பு 4 வருடமாக இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல்தான் 3 ஆகக் குறைத்தது.

இவ்வளவு நல்ல குரூப் பாலிசியில் ஒரே ஒரு குறை. அது கம்பெனி குவார்ட்டர்ஸ் மாதிரி. வேலையில் இருக்கும்வரை எல்லா வசதியும் உண்டு, ரிலீவிங் லெட்டர் வாங்கிய அன்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஒருவர் முப்பது வயதில் வேலைக்குச் சேர்கிறார், அப்பா அம்மாவையும் கம்பெனி பாலிசியில் சேர்க்கிறார், தனியாகப் பாலிசி எதுவும் எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும், அதான் கம்பெனியில் இருக்கிறதே. பத்து வருடம் ஓடிவிடுகிறது. அப்பாவுக்கு இப்போது 66, சர்க்கரை வந்துவிட்டது, ஒரு ஸ்டென்டும் வைத்தாயிற்று. அந்த நேரத்தில் ஆட்குறைப்பு. வேலை போன அன்று அவருடைய சம்பளம் மட்டும் போகவில்லை, அப்பாவின் காப்பீடும் போய்விட்டது. புதிதாக எடுக்கப் போனால் பிரீமியம் பல ஆயிரம், இதயத்துக்கு 3 வருடக் காத்திருப்பு, சில இடத்தில் முடியாது என்றே சொல்லிவிடுவார்கள். முப்பது வயதில், எல்லோரும் திடமாக இருந்தபோது எடுத்திருந்தால் இந்தக் காத்திருப்பெல்லாம் எப்போதோ முடிந்திருக்கும். வேலை போகும் நாள்தான் காப்பீடு மிகவும் தேவைப்படும் நாள். வேலையோடு கட்டிய காப்பீடு சரியாக அன்றுதான் விட்டுப் போகிறது.

பணியிலிருந்து ஓய்வு பெறும்போதும் இதே நிலைதான். 58 வயதில் குரூப் பாலிசி முடிகிறது, நோய்கள் தொடங்குவதும் அந்த வயதில்தான். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் 5 லட்சம் வரை தரும் ஏற்பாட்டை 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத்தில் சேர்த்தார்கள். 58க்கும் 70க்கும் நடுவில் உள்ள 12 வருடத்தை அவரவர்தான் சமாளிக்க வேண்டும்.

வீட்டுப் பெண்களின் நிலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சம்பள வேலையில் இல்லாத பெண்ணின் காப்பீடு பெரும்பாலும் கணவன் வேலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் வேலை மாறினால் இவருக்கும் மாறும், பிரிந்துவிட்டால் இவருக்கு இல்லை. சம்பள வேலைக்குப் போகும் பெண்களிலும் கணிசமானவர்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத இடங்களில் இருக்கிறார்கள்: வீட்டு வேலை, பீஸ் ரேட்டுக்குத் தையல், சின்ன நர்சரிப் பள்ளி.

ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் சட்டம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. கான்ட்ராக்டர் இஎஸ்ஐ கட்டாவிட்டால், யாருடைய ஆலையில் வேலை நடக்கிறதோ அந்த முதன்மை முதலாளிதான் கட்ட வேண்டும். நடைமுறையில், சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டுப் பணத்தைச் செலுத்தாமல் விடும் ஆட்களும் உண்டு. இஎஸ்ஐ எண் கையில் இருந்தால் சந்தா ஏறியிருக்கிறதா என்று அவர்களின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நின்று தெரிந்துகொள்வதைவிட அது நல்லது.

இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் சாப்பாடு டெலிவரி செய்பவர்களும் ஆப் மூலம் டாக்ஸி ஓட்டுபவர்களும். அவர்களை ஊழியர் என்று கம்பெனி சொல்லாது, பார்ட்னர் என்று சொல்லும். பார்ட்னருக்கு இஎஸ்ஐ கிடையாது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21இல்தான் நடைமுறைக்கு வந்தது. இவர்களைத் தனியாகப் பெயர் சொல்லி அது அங்கீகரிக்கிறது. இவர்களின் நலநிதிக்கு ஆப் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும், ஆனால் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் இவர்கள் பதிந்தால், 2025-26 பட்ஜெட்டில் ஆயுஷ்மான் பாரத் மூலம் மருத்துவ வசதி தருவதாகவும் அறிவித்தார்கள். டெலிவரி ஓட்டும் தம்பிகள் யாராவது வீட்டில் இருந்தால், இ-ஷ்ரமில் பதியச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை.

நீங்கள் வேலை மாறப் போகிறீர்கள் என்றால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இருக்கும் பாலிசி எந்தத் தேதியோடு முடிகிறது, புதியது எந்தத் தேதியில் தொடங்குகிறது, அதில் பெற்றோர் உண்டா என்று இரண்டு ஹெச்ஆரிடமும் மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட பிறகும் தொடர வேண்டுமானால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம். அப்படி மாறும்போது குரூப்பில் இருந்த வருடங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்ள விதி உண்டு. கடைசி வேலை நாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும், உடல்நிலையைப் பார்த்துத்தான் பிரீமியத்தைச் சொல்வார்கள். தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை என்பதால், பழைய விலையை மனதில் வைத்துப் பயப்பட வேண்டாம். கம்பெனி பாலிசி இருக்கும்போதே சின்னதாகச் சொந்தப் பாலிசி ஒன்றைத் தொடங்குவது இன்னும் நல்லது. காத்திருப்புக் காலம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

விண்ணப்பத்தில் சர்க்கரை, பிரஷர், பழைய ஆபரேஷன் எதையும் மறைக்க வேண்டாம், ஏஜென்ட் போட வேண்டாம் என்று சொன்னாலும் போடுங்கள். பாலிசி 60 மாதம் விடாமல் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, பழைய நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி கிளைமை மறுக்க முடியாது. ஆனால் பிரச்சினை வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த முதல் 60 மாதத்துக்குள்தான்.